பேர் அழிஞ்ச மூட்டை

செருப்பைக் கழற்ற வேண்டாம். அப்படியே உள்ளே வாருங்கள். என் வீட்டில் எல்லோரும் செருப்போடுதான். வேலைக்கு வரும் சுசீலா கூட வாசலில் இருக்கும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டுதான் பாத்திரம் தேய்க்க வேண்டும். "பூஜை ரூமுக்குமாம்மா?" என்று முதல் நாள் வாயைப் பிளந்தாள். பூஜை அறைக்கும்தான். அங்கேயும் ஒரு பிளக் இருக்கிறது.

அந்த நாற்காலி வேண்டாம், அது இரும்பு. இந்தப் பிரம்பு நாற்காலியில் உட்காருங்கள். சுசீலா, மோர் கொண்டு வா. உப்பு குறைவாக இருந்தால் சொல்லுங்கள், பொடி உப்பு இருக்கிறது. கல் உப்பு நான் வாங்குவதில்லை. காரணம் ஒன்றும் இல்லை. சிலருக்குச் சில பொருள் ஒத்துக்கொள்வதில்லை.

பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் இருப்பது என்ன என்று போனிலேயே சொல்லிவிட்டீர்கள். நாங்கள் பாடப்போன அந்தக் கல்லூரியில் படித்த யாரோ ஒருவர் அன்றைய நிகழ்ச்சியை டேப்பில் பதிவு செய்தாராம். அவர் இறந்த பிறகு பரணில் கிடைத்ததாம். ஐம்பது வருஷம் பரணில் கிடந்தது இன்னும் அரைமணி நேரம் உங்கள் பையில் கிடக்கட்டும். போடலாம். முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள். டேப்புக்கு என்ன தெரியும்? காது வைத்த பக்கம் கேட்டதைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான்.

உங்களுக்கு வேண்டியது என் கையெழுத்து. பழைய பாட்டைப் புது இசைத்தட்டாகப் போடுகிறீர்கள், அட்டையில் யார் பெயர் என்பதுதானே கேள்வி? 'சொல், இசை: வத்சலா.' எழுபத்தைந்தில் வந்த தட்டில் அப்படித்தான் இருக்கிறது. அதையே போடுங்கள் என்று நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். அந்தப் பாட்டில் ஏன் காந்தார சுரம் வரவே இல்லை என்று. மேலே போகும்போதும் தாண்டிப் போகிறது, கீழே வரும்போதும் தாண்டி வருகிறது, ஏன் என்று. பத்திரிகைக்காரர்கள் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நான் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வேன்: துக்கத்துக்கு அந்தப் படி தேவையில்லை. நல்ல பதில், இல்லையா? ஒரு பத்திரிகை அதையே தலைப்பாகப் போட்டது.

நீங்கள் மட்டும் "அப்படியா?" என்று திருப்பிக் கேட்டீர்கள். இப்போது நீங்கள் உள்ளே வரும்போது உங்கள் இடதுகை விரல் நுனிகளைப் பார்த்தேன். காய்ப்பு. பேஸ் கிட்டார் வாசிக்கிறவர். அதுதான் அந்த 'அப்படியா'.

எங்கள் குழுவுக்குப் பெயர் 'பார்சல் ஆபீஸ்'. சிரிக்காதீர்கள், அந்தக் காலத்தில் எல்லாக் குழுவுக்கும் ஏதாவது விலங்கின் பெயர், இல்லாவிட்டால் பூவின் பெயர். பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் டெரிக் வீட்டுப் பின்கட்டில்தான் ஒத்திகை. டெரிக் கிட்டார், குலாம் டிரம்ஸ், நான் பாட்டு. பேஸ் வாசித்தவன் தேவசகாயம். ரயில்வேயில் பார்சல் கிளார்க். குழுவுக்குப் பெயர் வைத்தவனும் அவன்தான், அதை நான் மறுக்கவில்லை. எதையும் நான் மறுப்பதில்லை.

நான் எம்.ஏ. ஆங்கிலம். அப்பா பேராசிரியர். மயிலாப்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒத்திகைக்குப் போவேன், வீட்டில் பிரெஞ்சு கற்கப் போவதாகச் சொல்லிவிட்டு. சகாயம் எஸ்.எஸ்.எல்.சி. வயதில் என்னைவிட இரண்டு வருஷம் பெரியவன். ஆனால் அவன் என்னை 'நீங்க' என்பான், நான் அவனை 'நீ' என்பேன். அது அப்படியே அமைந்துவிட்டது. யாரும் அமைக்கவில்லை.

மேடையில் அவனுக்கு முகமே கிடையாது. டிரம்ஸுக்கும் திரைக்கும் நடுவில் நின்றுகொண்டு, ரப்பர் செருப்பில் கட்டைவிரலால் தாளம் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்து வாசிப்பான். கிட்டார் மூர் மார்க்கெட்டில் வாங்கியது, யார் கையிலிருந்தெல்லாம் வந்ததோ. அதில் ஓரிடம் கெட்டுப்போயிருந்தது. அங்கே விரலை வைத்தால் சுரம் வராது, தகரத்தைத் தட்டினாற்போல் 'டக்' என்று நின்றுவிடும். குலாம் கிண்டல் செய்வான்: "டேய், ஒன் கிட்டாருக்கு ஒரு பல்லு இல்லடா." சகாயம் சிரித்துக்கொண்டே, "பல்லு இல்லாதவங்க பாடறதில்லியா? அந்தப் பக்கம் போகாம பாடுவேன்" என்பான். அப்படியேதான் செய்வான். என்ன முணுமுணுத்தாலும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவான், சாலையில் பள்ளத்தைச் சுற்றிப் போகிறவன் போல.

என்ன எழுதிக்கொள்கிறீர்கள்? கிட்டார் பற்றி உங்களுக்கு எதற்கு? சரி, எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவனுக்கு ஒரு திறமை உண்டு. மின்சாரம் தெரியும். அந்தக் காலத்து மேடைகள் உங்களுக்குத் தெரியாது. எங்கே போனாலும் மைக் அடிக்கும். பெரிதாக இல்லை, உதடு பட்டால் சுர்ரென்று ஒரு கடி, பல்லில் ஒரு புளிப்பு. இரண்டு பாட்டுக்கு ஒருமுறை எனக்கு அந்தப் புளிப்பு வரும். சகாயம்தான் ஒரு இரும்புத் தடியும் செம்புக் கம்பியும் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவான். மேடைப் பக்கத்தில் குழி தோண்டித் தடியை இறக்கி, கம்பியை மைக் செட் மெஷினோடு கட்டி, குழியில் கல் உப்பைக் கொட்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவான். தண்ணீர் அடிவரை இறங்க வேண்டும். "கரண்டுக்கு ஒரு வழி காட்டணும், இல்லாட்டி நம்ம வழியாப் போவும்" என்பான். அப்புறம் மைக்கைத் தொட்டுப் பார்ப்பான். உள்ளங்கையால் இல்லை, புறங்கையால். உள்ளங்கையால் தொட்டால் கை தானாக மூடிக்கொள்ளும், விடாது. புறங்கையால் தொட்டால் உதறித் தள்ளிவிடும். புறங்கையை நாக்கால் நனைத்துக்கொண்டு, பூனையைத் தொடுகிறவன் போலத் தொட்டுவிட்டு, "பாடுங்க வத்சலா" என்பான். அதற்குப் பிறகுதான் நான் மைக் அருகே போவேன். எல்லோரும் ரப்பர் செருப்போடுதான் மேடை ஏற வேண்டும். அது அவன் போட்ட சட்டம். டெரிக் பூட்ஸ் போட்டிருப்பான், அடியில் ரப்பர் இருக்கிறதா என்று காலைத் தூக்கிக் காட்டச் சொல்வான். குதிரைக்கு லாடம் பார்க்கிற மாதிரி.

பாட்டுக்கு வருகிறேன். அதுவரை நாங்கள் பாடியதெல்லாம் அடுத்தவர்களின் ஆங்கிலப் பாட்டுகள். சொந்தமாகத் தமிழில் ஒன்று வேண்டும் என்று எனக்கு ஆசை. எழுபத்துநாலு ஜூன் மாதம். ஒருநாள் நான் சீக்கிரம் போய்விட்டேன். பின்கட்டில் சகாயம் மட்டும் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். கூடவே வாய்க்குள் ஏதோ பாடினான்.

*யாரும் இறங்காத டேசனிலே
பேர் அழிஞ்ச மூட்டை ஒண்ணு...*

"இது என்ன?" என்றேன். "சும்மா" என்றான். "மழையில நனைஞ்சு விலாசம் அழிஞ்சிடுச்சின்னா அந்த மூட்டைய ஒரு மூலையில போட்டுடுவோம். யாரும் வர மாட்டாங்க. தெனம் அதப் பாத்துகினே இருக்கணும். அதான்."

"இன்னும் இருக்கிறதா?"

இருந்தது. மூன்று சரணம் இருந்தது. நான் என் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினேன். 'டேசன்' என்பதை 'ஸ்டேஷன்' ஆக்கினேன். மூன்றாம் சரணத்தை இரண்டாவதாக மாற்றினேன். மாற்றிய பிறகுதான் அது எழுந்து நின்றது. இப்போது நீங்களே சொல்லுங்கள், எழுதியது யார்? அவன் ஒரு வரி கூட எழுதவில்லை. எழுதுகிற பழக்கமே அவனுக்குக் கிடையாது, பார்சல் ரசீது தவிர. காற்றில் போயிருக்கும். நான் பிடித்து வைத்தேன். இன்றும் அந்த நோட்டு இருக்கிறது, முழுக்க என் கையெழுத்து. கோர்ட்டுக்குப் போனாலும் அதுதான் சாட்சி.

இதில் சண்டை என்று ஒன்றும் வரவில்லை. அந்தக் கல்லூரி விழாவுக்கு நிகழ்ச்சி அட்டை அச்சடித்து வந்தது. அதில் என் பெயர் மட்டும் இருந்தது. நான் கொடுத்த வாசகம்தான். சகாயம் அட்டையை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தான், விலாசம் தேடுகிறவன் போல.

"ஒங்க பேரு போட வேணாம்னு சொல்லல. எம் பேரும் போட்டிருக்கலாம்."

"நீ எழுதினாயா? எங்கே, காட்டு."

"எழுதல. பாடுனேன்."

குலாம் டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். டெரிக் தொண்டையைச் செருமினான். அவனுக்கு எந்தச் சச்சரவும் பிடிக்காது, மறுவருஷம் பெர்த் நகரத்துக்குக் கப்பல் ஏறப்போகிறவன். சகாயம் மெதுவாகச் சொன்னான்:

"அட்டைய விடுங்க. இந்த ஒரு தரம் நான் பாடுறேன். பாடறதுக்கு முன்னாடி யாரு பாட்டுன்னு நானே மைக்ல சொல்லிக்கிறேன். எங்கம்மா வராங்க. அதுக்கப்பறம் ஆயுசுக்கும் நீங்களே பாடுங்க."

"ஃபேர் இனஃப், மென்" என்றான் டெரிக்.

நானும் சரி என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

விழா ஆகஸ்டில். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரி, இப்போது இல்லை, பெயர் வேண்டாம். மாலை நான்கு மணி. திறந்தவெளி மேடை, சிமெண்டு. மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்திருந்தது. வானம் பாத்திரத்தின் அடிப்பக்கம் போலக் கறுத்துக் கிடந்தது. மாணவர்கள் செய்தித்தாளைத் தலையில் போட்டுக்கொண்டு விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் அவன் அம்மா, ரோஜா நிறப் புடவை, மடியில் குடை.

சகாயம் புதுச் சட்டை போட்டிருந்தான். வெள்ளை. தடியை இறக்கிக் கம்பியைக் கட்டிவிட்டு உப்புப் பொட்டலத்தையும் வாளியையும் எடுத்தான். நான்தான் தடுத்தேன். "இன்றைக்கு நீ பாடகன். வாளி தூக்கிச் சட்டையை நனைத்துக்கொள்ளாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்." அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "தேங்ஸ் வத்சலா. உப்பு முழுசும் போட்டுடுங்க. மழை பெஞ்சிச்சின்னு விட்டுடாதீங்க, மேல்மண்ணுதான் நனைஞ்சிருக்கும்."

பொட்டலத்தை என் கையில் கொடுத்தான்.

நான் ஊற்றவில்லை. அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, யாரும் கேட்டதில்லை. மழை பெய்திருந்தது. மண் ஈரமாக இருந்தது, என் செருப்பே அதில் புதைந்தது. பட்டுப்புடவை. அதற்குள் அறிவிப்பாளன் எங்கள் குழுவின் பெயரைச் சொல்லிவிட்டான். நான் என்ன இன்ஜினீயரா? அவன் மேடையிலிருந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், 'இல்லை, இன்னும் ஊற்றவில்லை' என்று. அவன் கேட்கவில்லை. வாளி பிறகும் வைத்த இடத்திலேயே நிறைய இருந்தது. போலீஸ்காரர் அதில்தான் கை கழுவினார்.

இன்னொன்று சொல்கிறேன், இதையும் யாருக்கும் சொன்னதில்லை. படிக்கட்டருகில் அவன் செருப்பைக் கழற்றினான்.

அவன் போட்ட சட்டம், அவனே கழற்றினான். கோயிலில் பாடுகிறவர்கள் வெறுங்காலோடுதான் நிற்பார்களாம், சின்ன வயதிலிருந்து அவன் அப்படித்தான் பாடியிருக்கிறான். வாசிப்பது வேறு, பாடுவது வேறு. அம்மா வேறு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். செருப்போடு எப்படிப் பாடுவது? ஜோடியாக, ஒழுங்காக, மாதா கோயில் வாசலில் விடுவது போல விட்டான். நான் பார்த்தேன். படிக்கட்டருகில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மைக் என்னிடம் இல்லையே.

அப்படிப் பார்க்காதீர்கள். பத்தடி தூரம், அத்தனை விசில்.

நடுமேடைக்கு வந்தான். கிட்டார் தோளில். மைக்குக்கு முன்னால் நின்று சிரித்தான். எப்போதும் நீட்டுகிற புறங்கையை அன்றைக்கு நீட்டவில்லை. ஏன் நீட்டவில்லை? ஐம்பது வருஷமாக இதைத்தான் யோசிக்கிறேன். "வணக்கம். இந்தப் பாட்டு..." என்றான். உதடு பட்டது.

மாணவர்கள் கை தட்டினார்கள். ஆட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறான் என்று. ஒரு கை மைக்கில், ஒரு கை கிட்டாரில். உள்ளங்கை. குலாம்தான் டிரம்ஸை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினான்.

இப்போது தெரிகிறதா, அவன் யார் பாட்டு என்று சொல்லவே இல்லை. என் பெயரைத்தான் சொல்ல வந்தான் என்று நான் நினைக்கிறேன். அவன் சுபாவம் அப்படி. அம்மா முன்னால் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுவான். பேட்டிகளில் நான் அப்படித்தான் சொல்லி வருகிறேன்: 'வத்சலா எழுதின பாட்டு' என்பதே அவன் கடைசி வாக்கியம் என்று. பாதி சொன்னான், மீதியை நான் முடித்தேன். சரணத்தை மாற்றி வைத்தது போல.

அவன் அம்மா ஒருமுறை மயிலாப்பூருக்கு வந்தாள். விலாசம் விசாரித்து, நடந்தே. கையில் அந்தச் செருப்பு, காகிதத்தில் சுற்றி. அழவில்லை. "எம் புள்ள பாடுனத யாராச்சும் புடிச்சி வச்சிருக்கீங்களா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். உண்மைதானே? அவன் பாடவே இல்லையே. அடுத்த வருஷம் தட்டு வந்தது. ரேடியோவில் என் குரல். அவள் கேட்டாளோ என்னவோ.

இவ்வளவுதான். இனி உங்கள் டேப்பைப் போடுங்கள். நானே சொல்கிறேன், போடுங்கள். அவன் சொல்ல வந்தது அதில் முழுதாக இருந்தால் உங்களுக்கும் சந்தேகம் தீர்ந்துவிடும், எனக்கும். ரெக்கார்டரை எங்கே வைத்திருந்தாராம்? படிக்கட்டுக்குப் பக்கத்திலா? அப்படியா. நான் பார்த்த ஞாபகம் இல்லை.

இரைச்சல்... விசில். அது டெரிக் சுதி சேர்க்கிறான். அதோ, அது அவன். பார்த்தீர்களா, எவ்வளவு சன்னமான குரல். மைக்கில் பேசவில்லை. இந்தப் பக்கம் திரும்பி...

நிறுத்துங்கள்.

மறுபடி போடுங்கள்.

"வத்சலா, தண்ணி ஊத்திட்டீங்களா?"

ஆமாம், அவன்தான். அப்புறம் அந்தப் பெண்.

"ஊத்தியாச்சு. நீ பாடு."

யார் அது? எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாள். அவசரம் கூட இல்லை அந்தக் குரலில். படிக்கட்டருகில் வேறு யாரும்... இல்லை, இல்லை என்று நான்தானே சொன்னேன். வேறு யாராவது வத்சலா இருந்திருக்கலாம். கல்லூரியில் எத்தனையோ வத்சலா.

கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான். அதனால்தான் புறங்கையை நீட்டவில்லை.

போதும். மேலே ஓட விடாதீர்கள். அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம்.

இதை இசைத்தட்டில் போடப்போகிறீர்களா? பாட்டுக்கு முன்னால், அன்றைய மேடைச் சத்தம் என்று? வேறு யாரெல்லாம் கேட்டார்கள்? உங்கள் அலுவலகத்தில்? இன்னும் யாரும் இல்லையா. நல்லது. கேளுங்கள், நீங்களும் வாசிக்கிறவர், உங்களுக்குத் தெரியும். அந்தக் காந்தாரம் ஏன் வரவில்லை என்று வாசலில் நுழையும்போதே உங்களுக்குத் தெரியும். பல் இல்லாத கிட்டார். அவன் கிட்டார். அவன் மூட்டை, அவன் மழை, அவன் ஸ்டேஷன். டேசன். அவன் சொன்னபடியே டேசன் என்று போடுங்கள். மூன்றாம் சரணத்தை மூன்றாவதாகவே வையுங்கள்.

பேனா இருக்கிறதா? அந்தப் படிவத்தைக் கொடுங்கள். என் பெயரை அடிக்கிறேன். சொல், இசை: தேவசகாயம். தெளிவாக இருக்கிறதா? கீழே என் கையெழுத்து. நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு போங்கள், அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. ஐம்பது வருஷம் என்னிடம் இருந்ததை முழுதாகக் கொடுத்துவிட்டேன். யாரும் கேட்காமலே கொடுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். இப்போதெல்லாம் சுலபமாமே, போனிலேயே வெட்டலாமாமே. 'நீ பாடு' இருக்கட்டும். அது நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு வாழ்த்து போல. அதற்கு முன்னால் இருக்கிற அந்த ஒரே ஒரு சொல். அதை அந்த இரைச்சலோடு விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? என் கண் முன்னால் வெட்டுங்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். மோர் குடிக்கவே இல்லை. டம்ளர் வைத்த இடத்திலேயே நிறைய இருக்கிறதே.